நாற்பது துண்டு விரிப்பு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்மணிகளே. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். பிடிவாதக்காரத் தையல்காரர் ஒருவரின் கதை வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுப் போகையில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கும்.

முன்னறைதான் அவருக்குக் கடை. தையல் மெஷினுக்கு இரண்டடி தள்ளி, ஜன்னலோரம் மனைவியின் கட்டில். பக்கவாதத்தில் அந்த அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்து ஆறு மாதம். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும். குசும்பு மட்டும் குறையவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலஜலம் எடுப்பது எல்லாம் அவர்தான். இரண்டு வீடு தள்ளியிருந்த மனைவியின் தங்கை உதவிக்கு வந்தால், கதவைப் பாதி திறந்து, "நாங்க பாத்துக்குறோம்மா" என்று அனுப்பிவிடுவார். கட்டியவளை அடுத்தவர் தொட்டுப் பார்க்கும்படி விட்டால் தன் பாசத்துக்கு என்ன மதிப்பு என்று நினைப்பு.

கடையில் வாங்கிய விரிப்பு வழுக்குகிறது என்று, மிச்சத் துணிகளை இணைத்துத் தடிமனாக அவரே ஒன்று தைத்துப் போட்டார். நாற்பது துண்டு. துணி கொடுக்க வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் ஒரு காலையில் அந்த அம்மாவைப் புரட்டிப் பார்த்து முகம் மாறினாள். இடுப்புக்குக் கீழே கோடு கோடாகச் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. விரிப்பைத் தடவினாள்.

"ஐயா, இதுல ஒவ்வொரு தையலும் கயிறு மாதிரி அழுத்துது. படுக்கைப் புண்ணு ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டிப் படுக்க வைக்கிறீங்களா?"

"அதெல்லாம் தவறாது!"

கட்டிலிலிருந்து இடது கை எழுந்தது. நான்கு விரல்.

"மெஷின்ல... உக்காந்தா... நாலு மணி" என்றாள் மனைவி.

"பத்து நாள் பாக்குறேன். ஆழமாச்சுன்னா ஆஸ்பத்திரியில சேத்துடணும்" என்று நர்ஸ் கிளம்பினாள்.

"இந்த ஜன்னல... விட்டு... நான் வரமாட்டேன்."

தையல்காரர் விரிப்பை உருவி, தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். "இனி மெஷின் பக்கமே போகமாட்டேன். நானே பாத்துக்குறேன், போதுமா?"

"போகலன்னா... சோறு? நீங்க தச்சதுலயே... இதுதான்... மோசம்" என்று அவள் கோணவாயால் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்து, கண்ணில் நீர் முட்டியது. அவள் விடவில்லை. "தங்கச்சிய... திருப்பி... அனுப்புனது... நீங்க. வேணுமான்னு... என்னைய... ஒரு நாளாச்சும்... கேட்டீங்களா?"

கேட்டதேயில்லை.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தார். ஆறு மாதத்தில் முதன்முறையாக மைத்துனி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வழி தெரிஞ்சுதா அத்தான்? நான் வேணா கதவப் பாதி திறந்து பேசட்டுமா?" என்றாள் அவள். திட்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

படுக்கும் இடத்தில் இணைப்பே இல்லாத ஒரே துணியில் புது விரிப்பு தைத்தார். அலமாரிக் கதவில் தையல் சாக்கட்டியால் கட்டம் போட்டார். மெஷின் பக்கம், ஜன்னல் பக்கம் என்று புரட்டியவர் குறிக்க வேண்டும். மைத்துனி ஒரு முறை, மனைவியைக் கேட்டு இவர் கூப்பிட்ட எதிர்வீட்டு லாரி டிரைவர் ஒரு முறை, இவர் மிச்சம். டிரைவர் குறிக்க மறந்தால் நோயாளியே இடது கையை நீட்டி, "சாக்கட்டி!" என்று அதட்டினாள்.

பத்தாம் நாள் நர்ஸ் பார்த்தாள். சிவப்பு மங்கி, தோல் மூடியிருந்தது. "எங்கயும் போக வேணாம்மா" என்றாள்.

அப்போது துணி வாங்க வந்த ஒருவர், "தனி ஆளா நின்னு காப்பாத்திட்டீங்களே!" என்று புகழ்ந்தார்.

தையல்காரர் தலையை ஆட்டினார். "தனியா நின்னதாலதான்யா புண்ணே வந்துச்சு. கட்டினவள நாம பாக்கணும், சரி. தனியாத்தான் பாக்கணும்னு யாரு சொன்னா? அவ மனச ஒரு வார்த்த கேட்டு, நாலு பேரக் கூப்பிட்டு, அப்பறமா பாசத்தக் காட்டணும்."

கேட்டீர்களா? உங்கள் தெருவில் பாதி திறக்கும் கதவு ஒன்று இருக்கும். அதைப் போய்த் தட்டுங்கள். உங்கள் வீட்டில் நோய் அண்டாதிருக்கட்டும். அண்டினாலும், தாங்கப் பல கைகள் கூடட்டும். குடும்பத்தோடு நல்லா இருங்கள், என் செல்வங்களே.