டேப்புக்கு அடியில் ஒரு சுவிட்ச்

காப்புக் கட்டுகிற நாள் காலையில் பேயாண்டியின் ரிக்கார்டு பிளேயர் பாடவில்லை, கத்தியது.

"தகரத்த ரோட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள் சின்னத்தாய், அடுப்படியில் இருந்தே.

"ஒனக்கு எம்புட்டுத் தெரியும்? போய்ச் சோத்த வடி."

பெண்டாட்டியிடம் அப்படிச் சொன்னாரே தவிர, அவர் காதிலும் தகரம்தான் விழுந்தது. நாயனம் கீச்சென்று வந்தது. தவில் இருந்த இடமே தெரியவில்லை.

திருவாதவூருக்குக் கிழக்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் ஒரு வழக்கம். மாசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டியதும், சாயங்காலம் ஆறு மணிக்கு, கூம்புக் குழாய் ரேடியோவில் முதல் சத்தம் ரிக்கார்டில் இருந்துதான் வர வேண்டும். செல்போனும் பென்டிரைவும் அதற்குப் பிறகுதான். ஊருக்கு முதலில் ரிக்கார்டு பிளேயர் கொண்டுவந்த பேயாண்டியின் அப்பாவுக்கு ஊர் கொடுத்த உரிமை அது. ரிக்கார்டு பாடி முடிந்ததும் முதல் மாலையும் முதல் திருநீறும் அந்த வீட்டுக்கு. பாடாமல் போனால் உரிமை அடுத்த பங்காளிக்கு. அவன் எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் பேசியும் விட்டார்கள். அடுத்த பங்காளி, அண்ணன் மகன் நல்லகாமன். ஆள் உயரப் பெட்டிகள் வைத்து சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவன்.

பிளேயரின் பழைய முள் போன மாதம் செத்துப்போனது. முந்தின நாள்தான் பிளேயரைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு மதுரை தல்லாகுளத்தில் சூரியபிரகாஷின் ரேடியோ கடைக்குப் போனார். அவன் புது முள்ளை மாட்டிவிட்டுச் சொன்னான்: "அய்யா, பழைய மாடல் இப்ப வாரதில்ல. இது காந்த முள்ளு. இதுல வர்ற சத்தம் ரொம்பக் கம்மி. நடுவுல பிரீஆம்ப்னு ஒரு சின்னப் பெட்டி வேணும்."

முள்ளுக்கு வந்தவன் தலையில் பெட்டியைக் கட்டப் பார்க்கிறான் என்று பேயாண்டிக்குப் பட்டது. "எங்கிட்ட ஆம்ப்ளிபயர் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் வழக்கமான ஓட்டையில் சொருகினால் கொசு பறக்கிற சத்தம்தான் வந்தது. நாற்பது வருஷம் கல்யாண வீட்டில் ரேடியோ செட் கட்டியவருக்கு வழி தெரியாதா? மைக் சொருகுகிற ஓட்டையில் கொடுத்தார். சத்தம் ஏறியது. தகரமும் கூடவே வந்தது.

பத்து மணிக்கு நல்லகாமன் வண்டியை வாசலில் நிறுத்தினான்.

"என்ன சித்தப்பா, ரிக்கார்டு பாடுதா, இல்ல காக்கா விரட்டுறீங்களா?"

"ஒன் வேலையப் பார்றா."

"அதத்தான் பாக்க வந்தேன். நான் பாட்டு ஏத்தி ரெடியா வச்சிருக்கேன். நீங்க முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

பேயாண்டி சாக்கை எடுத்தார். சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

சூரியபிரகாஷ் சிரிக்கவில்லை. சிரிக்காததும் பேயாண்டிக்குச் சந்தேகமாக இருந்தது. "மைக்குல குடுத்தீங்களாக்கும்" என்றான் அவனாகவே. "ரிக்கார்டு வெட்டும்போதே தவில் மாதிரி கனத்த சத்தத்தக் குறைச்சு, கீச்சுச் சத்தத்தக் கூட்டித்தான்யா வெட்டுவாங்க. அதத் திருப்பி நேராக்குறதுதான் இந்தப் பெட்டி. மைக் ஓட்டைக்கு அது தெரியாது."

உள்ளங்கை அகலப் பெட்டி. அவன் அதை நடுவில் மாட்டி ரிக்கார்டை ஓட விட்டான். தவில் வந்து நெஞ்சில் இடித்தது. பேயாண்டி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். வேறு எதுவும் ஓடவில்லை.

"இது பாடுனது ஒன் ஸ்பீக்கரா, எம் முள்ளா?"

"ரெண்டுந்தான்யா. ஒங்க குழாய்லயும் பாடும்." பெட்டியைத் திருப்பிக் காட்டினான். பின்னால் சின்னதாக ஒரு சுவிட்ச். "இந்தப் பக்கம் ஒங்க முள்ளுக்கு. அந்தப் பக்கம் வேற சாதி முள்ளுக்கு. அது இதவிட மெதுவாப் பேசும், அதுக்காகப் பத்து மடங்கு தூக்கிக் குடுக்கும். நீங்க அந்தப் பக்கம் தள்ளிராதீங்க." சொல்லிக்கொண்டே சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான்.

பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய பேயாண்டிக்கு உட்கார முடியவில்லை. டேப் ஒட்டுகிறவன் எதையோ மறைக்கிறவன். பத்து மடங்கு யாருக்கு? கார் வைத்திருக்கிற வக்கீலுக்கும் டாக்டருக்குமா? ஒத்தக்கடை தாண்டுவதற்குள் டேப்பின் ஒரு முனை அவர் நகத்துக்கு எழும்பிவிட்டது. அமுக்கி ஒட்டினார். மறுபடி நகம் அங்கேயே போனது.

ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் பாடியது. சூரியபிரகாஷ் சொன்னபடி தவிலும் வந்தது. மனசு கொஞ்சம் ஆறிய நேரத்தில், எதிர்ப்பக்கம் நல்லகாமன் தன் பெட்டிகளைச் சோதித்தான். "ஹலோ... ஹலோ..." தெருவில் ஓடு அதிர்ந்தது. அதற்கு முன்னால் பேயாண்டியின் குழாய் முனகல் மாதிரி ஆகிவிட்டது.

பத்து மடங்கு.

பூசாரி காப்புக் கட்டக் குனிந்தார். ஊர் முழுக்க அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேயாண்டி டேப்பை உரித்துச் சுவிட்சைத் தள்ளினார்.

குலவை அடங்கியதும் முள்ளை ரிக்கார்டில் வைத்தார். குழாயில் சத்தம் கிழிந்தது. நாயனமா, லாரி ஹாரனா என்று சொல்ல முடியாத ஒரு கரகரப்பு. பிள்ளைகள் காதைப் பொத்தின. மாலைத் தட்டோடு வந்த பூசாரி பாதியில் நின்றுவிட்டார். பேயாண்டி முள்ளைப் படக்கென்று தூக்கினார்.

"சித்தப்பா, அம்மனே எந்திரிச்சு ஓடிரும் போல" என்றான் நல்லகாமன். பென்டிரைவ் அவன் கையில் தயாராக இருந்தது.

ஊர்ப் பெரியவர் பசுபதி எழுந்தார். "பேயாண்டி, என்னய்யா இது? முடியுமா, முடியாதா?"

"ஒரு நிமிசம்."

"ஒரே நிமிசந்தான்."

செல்லை எடுத்து சூரியபிரகாஷைக் கூப்பிட்டார். "ஒன் பெட்டி கெட்டுப் போச்சு."

"சுவிட்சத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடப் போறேன்?"

"சரிய்யா. வேற யாரோ தொட்டிருக்காங்க. அந்த ஆளையே திருப்பித் தள்ளச் சொல்லுங்க."

பேயாண்டி செல்லை அணைத்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒளித்துச் செய்ய வழியில்லை. குனிந்து, ஊர் பார்க்கவே சுவிட்சைப் பழைய பக்கம் தள்ளி, முள்ளை ரிக்கார்டின் ஓரத்தில் வைத்தார்.

நாயனம் எழுந்தது. பின்னாலேயே தவில், ஒவ்வோர் அடியும் தனித்தனியாக. நல்லகாமனின் பெட்டி அளவுக்குச் சத்தம் இல்லை. ஆனால் யாரும் காதைப் பொத்தவில்லை. பசுபதி உட்கார்ந்தார். பூசாரி மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு ரிக்கார்டு முடியக் காத்து நின்றார்.

பேயாண்டிக்குத்தான் நிலைகொள்ளவில்லை. உரித்த டேப்பை எடுத்து ஒட்டினார். மண் பட்டு ஒட்டவில்லை.

"டேய், ஒங்கிட்ட கறுப்பு டேப் இருக்கா?"

நல்லகாமன் முறைத்துக்கொண்டே கொடுத்தான். பேயாண்டி சுவிட்சின் மேல் மூன்று சுற்றுச் சுற்றினார்.

"அதுக்கு அடியில என்ன சித்தப்பா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தொட்டுராத."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நல்லகாமனின் கண் அந்த டேப்பிலேயே நின்றது. பேயாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் பொத்திக்கொண்டார். முதல் மாலை கழுத்தில் விழுந்தபோதும் கையை எடுக்கவில்லை. திருநீற்றைப் பூசாரியே பூசிவிட வேண்டியிருந்தது.