மூன்றாவது தட்டு

படகுத்துறையில் மீன் வெட்டிக் கொடுப்பது என் தொழில். வாங்குகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள், நான் குடலைப் பார்ப்பேன். அதனால் எனக்குக் ‘குடல் ஜோசியக்காரி’ என்று பெயர். கிண்டலாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மறுநாள் எங்கே போய் வலை போடலாம் என்று அதே ஆட்கள்தான் என் பலகைக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. குளிர் மாதங்களில் குடல் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். மீன் ஆழத்தில் அசையாமல் கிடக்கிறது, மூக்குக்கு நேராக இரையை இறக்கினால்தான் வாயைத் திறக்கும் என்று அர்த்தம். வெயில் லேசாக ஏறினதும் குடலில் பாசியும் பூச்சிப் புழுக்களும் வரும், அப்போது கரையோரக் கோரைக்குள் தேடலாம். கோடையில் மேல்தண்ணீர் சுடும், அடித்தண்ணீரில் மூச்சு முட்டும், மீன் இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு பொடிமீன்களைத் தின்னும். கோடை முடிந்து முதல் குளிர்காற்று அடிக்கும்போது ஏரி புரளும். மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, அடியில் கிடந்ததெல்லாம் மேலே வரும். ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்த நாட்களில் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

என் வீட்டுக்காரர் காணாமல் போனது ஏரி புரளுவதற்குக் கொஞ்சம் முன்னால். வழக்கம்போல் இருட்டோடு சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு போனார். ஆழத்துப் பக்கம் போவதாகச் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. மற்ற படகுகள் எல்லாம் கரை சேர்ந்தன. அவரும் வரவில்லை, படகும் வரவில்லை. ஆழத்தில் தேடித் தேடி அலுத்துப்போனவர்கள், “ஏரி புரளட்டும், தானா மேல வரும்” என்று சொல்லிவிட்டுத் தங்கள் வலையைப் பார்க்கப் போனார்கள்.

ஏரி புரண்டது. அந்த நாற்றத்தில் நான் கரையிலேயே நின்றேன். அழுகின கோரை வந்தது, செத்த மீன் வந்தது, யாரோ எப்போதோ தொலைத்த ஒரு வாளி கூட வந்தது. அடுத்த முறை புரண்டபோதும் நின்றேன்.

அதற்குள் துறையில் மீனுக்கு ஐஸ் போடும் ஐஸ்காரர் ஒரு கதையைக் கிளப்பிவிட்டிருந்தார். காற்று அடித்த மறுநாள் பஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரரைப் போலவே ஒருத்தரைப் பார்த்தாராம், பக்கத்தில் ஒரு பெண் இருந்தாளாம். அந்த மனுஷனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஏரிக்குள் இருக்கிறார் என்றால் அழுது தீர்த்துவிடலாம். பஸ் ஏறிப் போய்விட்டார் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். எது என்று தெரியாதவள் என்ன செய்வாள்? நான் மீன் வெட்டினேன்.

வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை என்றால் அவருடைய அம்மா. காது மந்தம், வாய் மட்டும் மந்தமில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைப்பாள். மூன்றாவது அவருக்கு. “வர்ற நேரத்துக்கு வரட்டும், நீ உக்காரு” என்பாள். அந்தத் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் பெற்றவளின் நம்பிக்கையில் மண்ணைப் போட நான் யார்? உட்கார்ந்து சாப்பிடுவேன்.

இன்னொன்று உண்டு. அதை நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. விடிவதற்கு முன் சமையலறைக் கதவை யாரோ தட்டுவார்கள். வேகமாக ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு மெதுவாக இன்னொன்று. ராத்திரி வலைக்குப் போகிற நாட்களில் திரும்பி வந்து அவர் தட்டுகிற விதம் அது. முதல் தட்டுக்கு நான் எழுந்திருக்க வேண்டும், இரண்டாவதற்குத் தாழ்ப்பாள் திறந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஓடிப்போய்த் திறந்தேன். வெளியே ஏரி வாடை மட்டும் இருக்கும். பிறகு திறப்பதை விட்டுவிட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, இரண்டாவது தட்டு கேட்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அத்தையின் காதில் கத்தினேன்.

“அத்தை, கதவுல தட்டுற சத்தம் கேக்குதா உங்களுக்கு?”

“தட்டா? கழுவிக் கவுத்து வெச்சாச்சே. ஏன், அழுக்கா இருக்கா?” என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி, என் கொழுந்தன். தெருமுனையில் தனியாக இருக்கிறான். அண்ணன் போனபிறகு அவனுக்கு ஏரியில் ஏதோ வரம் கிடைத்தமாதிரி ஆகிவிட்டது. குளிரோ கோடையோ, கூடை நிறையக் கெளுத்தி கொண்டுவருவான். ஏரி புரண்டு எல்லோரும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் அவன் கூடை நிறையும். இடம் எங்கே என்று கேட்டால் சிரித்து மழுப்புவான். நல்ல இடத்தை எந்த மீன்காரன்தான் சொல்லுவான்? வீட்டுக்கு என்று ஒரு மீனைத் தனியாக எடுத்து என் பலகையில் வைத்துவிட்டுப் போவான். அதை நான்தான் சமைப்பேன், நான்தான் சாப்பிடுவேன். அத்தை தொடமாட்டாள். பல்லுக்கு ஆகவில்லையாம். வறுத்த கடலையை மட்டும் கல் உடைக்கிற மாதிரி உடைத்துத் தின்னும் அந்தப் பல்!

அவன் கொண்டுவரும் மீன்களின் குடல் எனக்குப் பிடிபடவே இல்லை. எந்தப் பருவத்தில் வெட்டினாலும் ஒரே இரை, குட்டிக் குட்டி நத்தைகள். கெட்டியான எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்கிற சாதி அது. எங்கள் ஏரியின் அடி வெறும் சேறு. பாறை கிடையாது, மரம் கிடையாது. இந்த நத்தை எதில் ஒட்டும்?

போன வாரம் அப்படி ஒரு கெளுத்தியைக் கிழித்தேன். நத்தைகளுக்கு நடுவில் எதிலிருந்தோ உரிந்த பெயிண்ட் செதில் ஒன்று நகத்தளவு இருந்தது. தண்ணீரில் அலசிப் பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த நிறத்தை உலகத்தில் நான் ஒருத்திதான் கலக்கியிருக்கிறேன். வீட்டில் மிஞ்சிக் கிடந்த பச்சை, மஞ்சள், கொஞ்சம் வெள்ளை எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கிச் சமையலறைக் கதவுக்கு அடித்தேன். மீதியை அவருடைய தகரப் படகுக்கு அடித்தேன். “என்னடி இது, சீக்கு வந்த கிளி மாதிரி இருக்கு” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து துறையில் அந்தப் படகுக்குச் ‘சீக்குக்கிளி’ என்றுதான் பெயர்.

பாதி வெட்டிய மீனோடு வாடிக்கையாளரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். செதிலைக் கதவின் மேல் வைத்து விரலால் அழுத்தினேன். விரலை எடுத்தபோது செதில் எங்கே இருக்கிறது, கதவு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பஸ் ஏறிப் போகவில்லை. அதுதான் முதலில் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷம், இவ்வளவு நாளாக நான் எங்கேயிருந்து வந்த மீனைத் தின்றேன் என்பது தோன்றியது. கொல்லைப் பக்கம் போய், குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன்.

கொழுந்தன் அவன் வீட்டு வாசலில் வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். செதிலை அவன் முழங்கால்மேல் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

“எப்போலேர்ந்து தெரியும் தம்பி?”

“அண்ணி...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.”

“முதல் குளிர்லயே தெரியும். சரிவுல சும்மா வலை விட்டுப் பாத்தேன். மாட்டிக்கிச்சு. இழுத்தா அண்ணன் வலை. பாதி வந்துச்சு, மீதி வரல. எதையோ சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு.”

“எதைச் சுத்தி?”

அவன் ஊசியைக் கீழே போட்டான். “கனம் கைக்குத் தெரியாதா அண்ணி? அறுத்து விட்டுட்டேன்.”

ஏரி ஏன் அவரைத் திருப்பித் தரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவருடைய வலையே அவரைப் படகோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது. ஆழமும் இல்லாமல் மேடும் இல்லாமல் நடுவாந்தரமான சரிவு அது. குளிரிலும் மீன் தங்கும், கோடையிலும் மூச்சு முட்டாது. அங்கே ஒளிய ஒரு படகும் கிடைத்துவிட்டால் கெளுத்தி வேறெங்கே போகும்?

“ஏன்டா சொல்லல?”

“அம்மா தட்டு வெக்கிறதப் பாத்தீங்களே. நான் சொன்னா அந்தத் தட்டை எடுத்துடுவா. அப்புறம் எத்தனை நாள் இருப்பா? அதுக்காகத்தான்.” கீழே போட்ட ஊசியை எடுத்தான். “முதல்ல அதுக்காகத்தான். அப்புறம் மீன் விழ ஆரம்பிச்சிடுச்சு.”

அவனை அறைந்தேன். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. எப்போது அடி விழும் என்று காத்துக்கொண்டே இருந்தவன்போல உட்கார்ந்திருந்தான். “நாளைக்கு விடிகாலையில என்னை அங்க கூட்டிட்டுப் போற” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தட்டு வைத்தாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வானம் வெளுக்கத் தொடங்கும்போது ஏரியில் இருந்தோம். கொழுந்தன் இரண்டு கரைகளையும் மாறி மாறிப் பார்த்து, துடுப்பை நிறுத்தினான். ஆழம் பார்க்கிற ஈயக்குண்டைக் கயிற்றோடு என் கையில் கொடுத்தான். இறக்கினேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது. சேற்றில் குண்டு விழுந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது, மெத்தையில் விழுந்த மாதிரி அமுங்கும். அப்படித்தான் அமுங்கியது. அவன் படகை ஒரு ஆள் நீளம் நகர்த்தினான்.

“இப்ப விடுங்க அண்ணி.”

டங் என்றது. காதுக்குக் கேட்கவில்லை, உள்ளங்கைக்குத்தான் கேட்டது. தகரம். நான் அடித்த வண்ணம் அதன்மேல் இருக்கிறது, அதற்குக் கீழே அவர் இருக்கிறார். இத்தனை காலம் என் கதவை அவர் தட்டினார். போர்வைக்குள் கிடந்தேன் நான். கயிற்றைக் கொஞ்சம் தூக்கி மறுபடி விட்டேன், வேகமாக ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு மெதுவாக இன்னொன்று.

கீழேயிருந்து கயிறு ஒருமுறை இழுபட்டது.

“கெளுத்தியா இருக்கும்” என்றான் கொழுந்தன். அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. நான் கயிற்றை விடவில்லை. “வந்துட்டேன், இருங்க” என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அழுதேன். எத்தனையோ நாளாக எங்கே போய் அழுவது என்று தெரியாமல் வைத்திருந்த அழுகை. கரை வருகிறவரை நிற்கவில்லை.

துறையில் இறங்கியதும் பெரிய படகுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மத்தியானம் ஆட்களோடும் சங்கிலியோடும் போகிறோம் என்றார். ஐஸ்காரரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தேன். கொழுந்தன் கொஞ்சம் பின்னால் வந்தான்.

சமையலறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எங்கடி போன? இப்பதான் யாரோ கதவைத் தட்டினாங்க. எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கோ. முதல்ல ஒண்ணு, அப்புறம் மெதுவா ஒண்ணு. தொறந்தா யாரையும் காணோம்.”

அவளைப் பிடித்து உட்காரவைத்து, காதோடு வாயை வைத்துச் சொன்னேன். படகு கிடைத்துவிட்டது, அவரும் அதோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன். ஏதாவது ஆகிவிடுமோ என்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன்.

“ஏரிக்குள்ளதான் இருப்பான்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் அத்தை. “பஸ் ஏறிப் போற மூஞ்சியா அது? அடுத்த தெரு தாண்டுறதுக்குள்ள பஸ்ல வாந்தி எடுப்பான். என் புள்ள கெடக்குற தண்ணியில வளந்த மீனை நான் ஒரு நாளாவது வாயில வெச்சிருக்கேனா?”

“அப்ப எதுக்கு அத்தை தட்டு வெச்சீங்க?”

“அந்தத் தட்டு இல்லாட்டி நீ சாப்பிட உக்கார மாட்டியேடி.”

அவள் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவள் கண் மட்டும் காய்ந்தே இருந்தது. எப்போதோ அழுது முடித்தவள்.

“அவனைத் தூக்கிட்டு வர ஆளுங்க எப்ப போறாங்க?”

“மத்தியானம்.”

“அப்ப இப்பவே ஒரு வாய் சாப்பிட்டுடணும். அப்புறம் யாருக்கும் இறங்காது.”

எழுந்து தட்டுகளை எடுத்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். கொழுந்தன் வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பற்றி அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் இருந்த இருப்பில் சொல்ல என்ன இருக்கிறது?

“வாடா” என்றாள். “உங்கண்ணன் தட்டு. இவ்வளவு நாளு அவனை வெச்சுதானே சாப்பிட்ட, இன்னிக்கு அவன் தட்டுல சாப்பிடு.”

அவன் வந்து உட்கார்ந்தான். அத்தை பரிமாறிவிட்டு அவனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, அவன் முதல் வாய் எடுக்கிறவரை தன் தட்டைத் தொடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.