கௌதாரிக்கு எந்தக் கட்டம்?

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. 1979இல் நான் திருத்தணியில் பள்ளி ஆசிரியர். பார்த்த பறவைகளை எழுதிச் சென்னையில் ஒரு பறவைச் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பறவைக்குப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, இந்த இடத்துக்கே புதியது. மற்றது, முன்பு இருந்து அழிந்து, மறுபடி விடப்பட்டது. புதியது என்றால் ஊர்ப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள்.

அந்த வருஷம் கோயில் மலையின் பின்சரிவில் கௌதாரி கூவக் கேட்டேன். அதற்குமுன் அங்கே கேட்டதில்லை.

2

('பனி விலகாத காலையில் அந்த மலை...' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். விட்டுவிட்டேன். நான் போனது பகல் பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில்.)

மலையடியில் தறி போட்டிருந்த வீரபத்திரன் வீட்டில் விசாரித்தேன். மோர் கொடுத்தபடி அவர் மனைவி வரலட்சுமி பெருமையாகச் சொன்னாள்.

"இந்த மலையில கவுதாரியே கெடையாதுங்க. இவுருதான் பள்ளிப்பட்டு பக்கத்துலேர்ந்து நாலு ஜோடி கொண்டாந்து வுட்டாரு."

அப்படியானால் புதியது. பேனாவைத் திறந்தேன். வீரபத்திரன் தறியை விட்டு எழுந்தார்.

3

நான் கிளம்பியதும் தெருமுனை வரை கூடவே வந்தார்.

"இருந்துச்சி சார். அவ கல்யாணமாயி வர்றதுக்கு முந்தி. கண்ணி வெச்சி புடிச்சி, கனகம்மாசத்திரத்து கடைங்களுக்கு குடுத்துகினு இருந்தேன். கடைசி ஜோடியும் நான்தான் புடிச்சேன்."

மனைவிக்கு இது தெரியாது. அவள் ஊரெல்லாம் புருஷனைப் பற்றிப் பெருமை பேசும்போது எப்படிச் சொல்வது என்றார்.

(ஒரு பிரதியில் அவரை இங்கே அழவைத்தேன். பொய். வேட்டியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.)

இரண்டாவது கட்டத்துக்குச் சாட்சி வேண்டும். பெயரும், அவருக்கு எப்படித் தெரியும் என்பதும் பட்டியலோடு அச்சில் வரும். ஒரு பிரதி சாட்சியின் வீட்டுக்கே தபாலில் போகும். வேண்டாமென்றால் புதியது என்றே போட்டுவிடுகிறேன், யாரும் கேட்கப்போவதில்லை என்றேன்.

"அதுங்க ஊரு இது சார். வெளியூருன்னு எழுதாதீங்க. எம் பேர போடுங்க."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"எனக்கு படிக்க தெரியாது. வர்ற கடுதாசியெல்லாம் அவதான் படிச்சி சொல்லுவா. பரவால்ல, அனுப்புங்க."

4

அனுப்பினேன். பட்டியல் அச்சாவதற்குள் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வரலட்சுமி தபாலில் வந்த பட்டியலைப் படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறாள். இன்னொன்றில் அந்த வரியை மறுபடி படிக்கிறாள், பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து...

இரண்டையும் கிழித்தேன். நான் அவளைப் பார்த்தது ஒரு டம்ளர் மோர் குடிக்கும் நேரம். நீங்களும் அவ்வளவுதான் பார்த்திருக்கிறீர்கள். பட்டியல் வந்த உறையைப் பிரித்துவிட்டாள் என்று வையுங்கள். வீரபத்திரன் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.