ஐஸ் கொண்டு வரச் சொன்னார்கள்

வியாழக்கிழமை காலை மோசெல் அர்வெல்லாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மவுண்ட் பிஸ்கா சபையின் சமையல் குழுவுக்குப் பத்தொன்பது வருடமாக அவள்தான் தலைவி. சபையில் யார் செத்தாலும், அடக்கம் முடிந்து கூடத்தில் போடுகிற சாப்பாட்டுக்கு எந்த வீட்டிலிருந்து என்ன வர வேண்டும் என்பது அவள் வாயிலிருந்துதான் வரும். இப்போது செத்திருந்தவள் அர்வெல்லாவின் அக்கா லர்லீன்.

"மனசத் தேத்திக்கிட்டியா, அர்வெல்லா?"

"தேத்திக்கிட்டுதான் இருக்கேன்."

"சனிக்கிழமைக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். கோழி ரெண்டு வீட்டுலேர்ந்து வருது. கீரைய பெர்னிஸ் பாத்துக்கிறா. மக்ரோனி நான். நீ எதுக்கும் அலையாத. வரும்போது ஐஸ் மட்டும் ரெண்டு மூட்டை வாங்கிட்டு வந்துடு."

அந்த ஊரில் ஐஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பு பற்ற வைக்கத் தெரியாதவர்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள், சமையல் மேடையில் பூனையை நடக்க விடுகிறவர்கள் ஆகியோரிடம்தான் மோசெல் ஐஸும் காகிதத் தட்டும் கேட்பாள். அர்வெல்லா பதினோரு வருடமாக ஐஸ்தான் கொண்டுபோகிறாள்.

"நான் டீ கேக் செஞ்சு எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

 மறுமுனையில் மோசெல் தன் பட்டியலைப் புரட்டுவது கேட்டது.

"இனிப்பு நெறய வருது."

"லர்லீன் கேட்டா. ஆஸ்பத்திரில."

"சரி, பெர்னிஸ்கிட்ட சொல்றேன். அவ கைப்பக்குவமும் நல்லாத்தான் இருக்கும்."

"என் கையாலன்னு கேட்டா."

"இங்க பாரு. சனங்க தொட மாட்டாங்க. அக்காவப் பறிகொடுத்துட்டு நிக்கிற. அந்த அவமானம் வேற எதுக்கு? உன் நல்லதுக்குச் சொல்றேன், கண்ணு. ஐஸ்."

அர்வெல்லா தொலைபேசியை வைத்தாள்.

லர்லீன் கேட்டது உண்மை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி கேட்டாள். "என் சாப்பாட்டுல உன் டீ கேக் இருக்கணும். உன் கையால." அதற்கு மேல் இன்னொரு வாக்கியம் வரும் என்று அர்வெல்லா நாற்காலியில் காத்திருந்தாள். செவிலி வந்து திரவப் பையை மாற்றிவிட்டுப் போனாள். வெளியே வெளிச்சம் குறைந்தது. அந்த வாக்கியம் வரவில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் ஞாயிறு. டெட்ராய்டுக்கும் சிகாகோவுக்கும் பிழைக்கப் போனவர்களெல்லாம் வருடந்தோறும் அலபாமாவுக்கு வந்து சபையில் கூடுகிற நாள். அர்வெல்லா மெத்தென்ற வட்ட பிஸ்கட் மாதிரியான டீ கேக் பத்து டஜன் செய்து எடுத்துப் போயிருந்தாள். ருசி பார்க்கவில்லை. சபைக்குச் செய்ததை ஜெபத்துக்கு முன் வாயில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் அம்மா போட்ட சட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒன்றைக் கடித்தார். மென்றார். பிறகு மூன்று கோப்பை ஐஸ் டீயை நிறுத்தாமல் குடித்தார். மோசெலின் புருஷன் எழுந்து நின்று, "சிஸ்டர், இது துணி தொவைக்கவா, குளிக்கவா?" என்று கேட்டான். கூடமே சிரித்தது. கூடவே லர்லீனும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அர்வெல்லா மாவு டின்னைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. அக்காவும் தங்கையும் சேர்ந்து இருந்த அந்த வீட்டில் எப்போதும் இரண்டு டின் மாவு உண்டு. சோடாவும் உப்பும் கலந்தே வருகிற மாவு காலை ரொட்டிக்கு. சாதா மாவு டீ கேக்குக்கு. கடைக்குப் போய் வாங்கி வந்து டின்னில் கொட்டுவது லர்லீனின் வேலை. அவள் மாற்றிக் கொட்டியிருந்தாள். அந்த மாவில் அர்வெல்லா தன் பங்குக்குச் சோடாவும் உப்பும் மறுபடி போட்டிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது, லர்லீன் ஏற்கெனவே கழுவி வைத்த தட்டுகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அந்த டின்மேல் வெள்ளை ஒட்டுநாடா ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் லர்லீனின் சாய்ந்த கையெழுத்தில், கொட்டை எழுத்தில், 'சாதா' என்று இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. முதல் சில வாரம் அர்வெல்லா கோபத்தில் பேசாமல் இருந்தாள். பிறகு லர்லீனே சபையில் சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தாள். அப்புறம் அந்தப் பேசாமை வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி ஆகிவிட்டது. அதற்கும் சேர்த்து நாற்காலி போட்டார்கள். ஊரில் அர்வெல்லாவுக்கு 'சோப்பு சிஸ்டர்' என்று பெயர் நிலைத்தது. அவள் மாதா மாதம் வீட்டுக்கு மட்டும் டீ கேக் செய்தாள். லர்லீன் சாயங்காலம் காபியில் தோய்த்து, தினம் இரண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அர்வெல்லா அடுப்பைச் சூடேற்றினாள். 'சாதா' என்று எழுதிய டின்னைத் திறந்து, பதினோரு வருடப் பழக்கமாக, மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள். மாவு ருசிதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் கை ஓயும்வரை குழைத்தாள். முட்டை, மோர், வனிலா. ஜாதிக்காயை மேலே பிடித்துக்கொண்டு சீவினாள். மாவைத் தடிமனாகத் தேய்த்து, அம்மா காலத்து ஜாம் ஜாடியின் வாயால் வட்டம் வட்டமாக வெட்டினாள். ஓரம் லேசாகச் சிவந்து நடு வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கண்ணுக்கு இன்னும் வேகாதது போல இருக்கும். அங்கேதான் பெர்னிஸுக்குப் பொறுமை போய்விடும், மொறுமொறுவென்று சுட்டுவிடுவாள்.

முதல் தட்டு வெளியே வந்தது. அர்வெல்லா ஒன்றை எடுத்தாள். அம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஜெபமும் இல்லாமல் பிரசங்கியாரும் இல்லாமல், சூடாக, முழுசாகத் தின்றாள். எதிரே யாரோ நின்று பார்ப்பது போல நிதானமாக மென்றாள்.

சபைக்குப் போகிற பாத்திரம் எதற்கும் அடியில் ஒட்டுநாடாவில் பெயர் எழுதி ஒட்டுவார்கள், கழுவித் திருப்பிக் கொடுக்க வசதியாக. உண்மையில் அது வேறு ஒன்றுக்கும் பயன்படும். வரிசையில் நிற்கிறவர்கள் பாத்திரத்தைச் சற்றே தூக்கி, யார் செய்தது என்று பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்கள். அர்வெல்லா தன் பெயரை எழுதித் தட்டின் முன்பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டினாள். சனிக்கிழமை ஆராதனைக்கு முன்பே போய் இனிப்பு மேசையின் நடுவில் அந்தத் தட்டை வைத்தாள்.

பாஸ்டர் லர்லீனைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். "வாயத் திறந்தா உண்மை மட்டுமே பேசின சகோதரி" என்றார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அர்வெல்லா தன் கையுறையின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தபோது உண்மைதான் பேசினாள் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வந்தன. இரண்டையும் அடக்கினாள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது இனிப்பு மேசையில் மோசெலின் வெண்ணெய் கேக் இருந்தது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்பு நான்கு இருந்தன, வாழைப்பழப் புட்டிங் இருந்தது. அர்வெல்லாவின் தட்டு இல்லை. சமையலறைக்குள் போனாள். தொட்டிக்குப் பக்கத்தில், காலி ஐஸ் பெட்டிக்குப் பின்னால், ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மோசெல் வழியில் நின்றாள்.

"எங்க கொண்டு போற?"

"மேசைக்கு."

"மேசைல எடம் இல்ல."

அர்வெல்லா ஒரு கையால் மோசெலின் கேக்கை ஒரு சாண் தள்ளினாள். தட்டை வைத்தாள். "இப்ப இருக்கு."

கூடத்தில் பேச்சு ஒவ்வொரு மேசையாக அணைந்தது. மோசெல் குரலைத் தாழ்த்தினாள். அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது.

"அன்னைக்கு நடந்தத யாரும் மறக்கல, அர்வெல்லா."

"நானும் மறக்கல."

"பின்ன?"

டின், ஒட்டுநாடா, சாய்ந்த கையெழுத்து எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்து நின்றன. சொல்ல வேண்டியவர்கள் அத்தனை பேரும் இங்கே இருந்தார்கள். மறுத்துச் சொல்லக்கூடிய ஒருத்தி மண்ணுக்குள் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தான் வாயைத் திறக்காதது நல்ல மனசாலா என்று அர்வெல்லாவுக்கே தெரியவில்லை. லர்லீன் முதுகில் ஏறித்தான் இந்த மேசைக்கு வர வேண்டுமென்றால் அது தனக்கு வேண்டாம் என்று மட்டும் தோன்றியது.

"அன்னைக்குச் செஞ்சதும் நான்தான். இன்னைக்குச் செஞ்சதும் நான்தான். பேரு முன்னாலயே ஒட்டியிருக்கு. தூக்கிப் பாக்க வேண்டிய வேலை மிச்சம்."

தட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வரிசை நகர்ந்தது. பெயரைப் பார்த்தார்கள், கிழங்கு பை எடுத்தார்கள். பெயரைப் பார்த்தார்கள், புட்டிங் எடுத்தார்கள். ஒருத்தி "ஆண்டவர் உனக்கு ஆறுதல் தரட்டும்" என்று அவள் கையை அழுத்திவிட்டு, அதே கையால் கேக்கை வெட்டிக்கொண்டு போனாள். அர்வெல்லா நகரவில்லை. பேசாமல் இருப்பதில் அவளை ஜெயிக்க அந்தக் கூடத்தில் ஆள் இல்லை.

சபையின் மூத்த ஊழியர் டீக்கன் டாலிவர் தடியை ஊன்றி வந்தார்.

"இது சோப்பு சிஸ்டர் செஞ்சதா?"

"ஆமா, டீக்கன். நான்தான்."

"எனக்கு எண்பத்திரெண்டு ஆச்சும்மா. இனிமே கெட்டுப்போறதுக்கு வயித்துல என்ன இருக்கு?"

ஒன்றை எடுத்துக் கடித்தார். அவருடைய பல்செட் நிதானமாக வேலை செய்தது. கூடமே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு, டீக்கன்?" என்றாள் மோசெல்.

அவர் விரலை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னார். விழுங்கினார். இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இரண்டைக் கோட்டுப் பையில் போட்டார். "வாய்ல இருக்கும்போது பேசக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கா" என்று அடைத்த வாயோடு சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சிலர் எடுத்தார்கள். எல்லோரும் இல்லை. பெர்னிஸ் கடைசிவரை அந்தப் பக்கமே வரவில்லை. மோசெலின் புருஷன் நான்கை எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மனைவி பார்க்கிறாளா என்று பார்த்தான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கூட்டம் கலைந்தபோது மோசெல் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஐஸ் டீ எல்லாம் வெதுவெதுன்னு இருக்குன்னு மத்தியானத்துலேர்ந்து திட்டு வாங்கிட்டிருக்கேன். ஐஸ் எங்க?"

"வாங்கல."

"சொன்னேன்ல?"

"சமைக்கத் தெரியாதவங்க யாருகிட்டயாவது சொல்லியிருக்கணும்."

மோசெல் அவளையே பார்த்தாள். அர்வெல்லாவும் பார்வையை எடுக்கவில்லை. தட்டில் பதினாலு டீ கேக் மிச்சம் இருந்தன. அர்வெல்லா தட்டைத் தூக்கி நீட்டினாள். அது கனமான தட்டு. ஆனாலும் இறக்கவில்லை. மோசெல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து, பாதியாக உடைத்து, சின்னப் பாதியை வாயில் போட்டாள். வெகுநேரம் மென்றாள்.

"ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

"வர்ற ஆகஸ்ட்லயும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் அர்வெல்லா. தட்டைப் பெயர் தெரிகிற பக்கம் வெளியே இருக்கும்படி மேசைமேல் வைத்துவிட்டு, கையுறைகளை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.