அலறுகிற கிதார்

பினாங்கிலிருந்து கிதர் முகம்மதுவின் மச்சான் இரண்டு எலெக்ட்ரிக் கிதார்களைக் கப்பலில் அனுப்பியிருந்தார். இரண்டும் ஒசத்தி, இரண்டும் ஒரே விலை. நாகல் நகரில் மைக் செட் கடை வைத்திருந்த கிதர் முகம்மது முதலில் சொல்லியனுப்பியது செபாஸ்தியம்மாளுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர்; மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் பழகியவள். தம்பி சூசைராஜ் நடத்திய கல்யாணக் கச்சேரி பார்ட்டியில் வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்தாள் என்று பேர்தான். டிரம்ஸும் டிரம்பெட்டும் எழும்பினால் அவளுடைய சாதா கிதார் அவளுக்கே கேட்காது.

"ஒண்ணை எடுத்துக்க தங்கச்சி. மத்தது மதுரைக்குப் போயிரும்" என்றார் கிதர் முகம்மது. "நாளைக்கு வடமதுரை கல்யாணத்துக்கு என் செட்டுதான். ரெண்டையும் மேடையில வாசிச்சுப் பாத்துச் சொல்லு."

சிவப்புக் கிதார் முழுக் கட்டையில் செய்தது, தோளை இழுக்கும் கனம். கச்சேரியின் முதல் பாதியில் அதை வாசித்தாள். எவ்வளவு சத்தம் வைத்தாலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. அக்கார்டியன் வாசித்த சூசைராஜ் அதற்கு மேலாக மெச்சித் தலையை ஆட்டினான்.

அடுத்து எடுத்த பழுப்புக் கிதாருக்கு உள்ளே வயிறு காலி. பிடிலுக்கு இருப்பதுபோல முகத்தில் இரண்டு துளை. கனிவான, பருத்த நாதம். ஆனால் டிரம்ஸ் வேகமெடுத்ததும் அவள் சத்தத்தைக் கூட்டினாள். பின்னாலிருந்த ஒலிபெருக்கியின் சத்தம் கிதாரின் வயிற்றுக்குள் புகுந்து திரும்பி வந்தது. கிதார் அலறத் தொடங்கியது. பந்தலில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்தேவிட்டார்.

அவள் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கினாள். அலறல் நின்றது. கையை எடுத்தாள், மறுபடி வந்தது. சற்று விலகி நின்றால் சுருதி மாறியது.

"அக்கா, நிறுத்து!" என்றான் சூசைராஜ்.

நிறுத்தினாள். மிச்சக் கச்சேரி சிவப்புக் கிதாரில் ஒழுங்காக முடிந்தது.

பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒச்சப்பன். பெண்ணழைப்புக்கு உறுமி வாசிக்க நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்திருந்த மேளக்காரர்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கத்தல் தானா வந்ததுங்களா, நீங்க வர வச்சதுங்களா?"

"மொத தடவை தானா வந்துச்சு. ரெண்டாவது நாந்தான்."

"எங்கூரு கோயில் நோம்பிக்கு வாரீங்களா? எங்க உறுமிக்குப் பக்கத்துல அந்தக் கத்தல் ஈடா நிக்குமுங்க."

செபாஸ்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் கடையில் சூசைராஜ் சிவப்புக் கிதாரைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். "யோசிக்க என்ன இருக்கு? அந்தப் பழுப்பு கல்யாண வீட்டுல ஊளையிடுது."

"நான் அதைத்தான் எடுத்துக்கிறேன்."

"நம்ம பார்ட்டிக்கு ஆகாது அக்கா."

"தெரியும். சிவப்பை நீ எடுத்துக்க. வாசிக்க வேற ஆளைப் பாரு. நான் நெய்க்காரப்பட்டி நோம்பிக்குப் போறேன்."

"நம்ம பங்குச் சாமியார் கேட்டா?"

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

மதுரைக்கு வேறு வரவழைத்துக்கொள்வதாகக் கிதர் முகம்மது சொல்ல, சூசைராஜ் சிவப்புக் கிதாரை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் வீட்டிலும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நெய்க்காரப்பட்டி நோம்பிக்குக் கிதர் முகம்மதுவே ஒலிபெருக்கியோடு வந்தார். ஒச்சப்பன் வளைந்த குச்சியால் உறுமித் தோலைத் தேய்த்தார். அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல அது உறுமியது. செபாஸ்தியம்மாள் ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி நின்று, அந்த உறுமலுக்கு மேலே கிதாரை அலறவிட்டாள். ஜனங்கள் முதலில் பின்வாங்கினார்கள். பிறகு நெருங்கி வந்தார்கள்.

கூட்டத்தில் சிவனம்மாள் என்ற பெண் திடீரென்று அருள் வந்து, தலைமுடி அவிழ ஆடத் தொடங்கினாள். செபாஸ்தியம்மாள் பயந்துபோய்த் தந்திகளை அமுக்கினாள். இப்படி ஒன்று தன் கையால் நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"நிறுத்தாதீங்க அம்மிணி! பாதியில விட்டா அவளுக்குத்தான் கஷ்டமுங்க!" என்று ஒச்சப்பன் கத்தினார்.

செபாஸ்தியம்மாள் கையை எடுத்தாள். சிவனம்மாள் ஆடி ஓய்ந்து, திருநீறு வாங்கிக்கொண்டு தரையில் உட்காரும்வரை அலறல் நிற்கவில்லை. அப்புறம் யாரோ கொடுத்த இளநீரைச் செபாஸ்தியம்மாள் ஒரே மூச்சில் குடித்தாள். பயம் போயிருந்தது. அந்த அலறல் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வழக்கம்போலப் பாடினாள். சாமியார் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே சைக்கிளைப் பிடித்தபடி சூசைராஜ் நின்றிருந்தான்.

"அங்க எப்படி இருந்துச்சு?"

"சத்தமா இருந்துச்சு" என்றாள்.

அவன் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"அடுத்த தடவை நானும் வாரேன்."