சீல் வைக்க வந்தவர் ஆடிய ஆட்டம்

1.

இந்தக் கதை, தொண்டைவரை வந்து நான் விழுங்கிவிட்ட ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். [சொல்வேனா, தெரியவில்லை. வேதியியல் வாய்மொழித் தேர்விலேயே எனக்குக் குரல் வரவில்லை.]

2.

முதல் தொடக்கம்: இருண்ட அந்த அறையில், இரத்தச் சிவப்பாய்த் திரைகள்...

வேண்டாம். அக்கா நடத்தும் கேமிங் சென்டரில் நல்ல டியூப் லைட் உண்டு. வாசலில் மிதியடியும் உண்டு.

அந்த மிதியடியைத் தாண்டி கவுன்சிலரும் ஆன்மிகச் சொற்பொழிவாளரும் வந்தார்கள். பின்னால் உதவியாளர், கையில் பூட்டும் அரக்கும்.

"பிள்ளைங்களுக்கு வன்முறை கத்துக் குடுக்கிற இடம். மூடு!" என்றார் கவுன்சிலர்.

சொற்பொழிவாளர் திரையை உற்றுப் பார்த்தார். "அது என்னம்மா, மூணு இதயம்?"

"மூணு உயிருங்க. செத்தா திரும்ப வரலாம்," என்றாள் அக்கா.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?" என்றார் சொற்பொழிவாளர்.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். செருப்பை அவ்வளவு ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார். மனசு வரவில்லை.)

3.

"நீங்களே ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கண்ணே. வெறும் பொம்மைச் சண்டை. மனுஷனை ஒண்ணும் மாத்தாது," என்றாள் அக்கா கவுன்சிலரிடம்.

புதிதாக வருபவரை முதல் ஆட்டத்தில் ஜெயிக்கவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்காவது அதை மறந்திருக்கலாம். எங்களில் கெட்டிக்காரனான 'மின்னல்' எதிரே உட்கார்ந்து பணிவாக அடிவாங்கினான்.

"எந்திரிக்க விடாதே! மிதி! யாருகிட்ட?"

கவுன்சிலர் நாற்காலியில் பாதிதான் இருந்தார். விழுந்த பொம்மையையும் விடவில்லை.

சொற்பொழிவாளர் கண்களை மூடிக்கொண்டார். "தங்கமான மனுஷன். ரெண்டே நிமிஷத்துல எப்படி ஆக்கிட்டீங்க, பாத்தீங்களா?"

எங்களிடம் இருந்த ஒரே பதில்...

4.

முடிவு அ: அடுத்த ஆட்டத்தில் மின்னல் அவரைத் தோற்கடிக்கிறான். கோபத்தில் சீல் வைக்கிறார். விளையாட்டு வெறியேற்றும் என்பது நிரூபணம்.

முடிவு ஆ: மறுபடி ஜெயிக்கவிடுகிறோம். இன்னும் மிதிக்கிறார். அதுவும் நிரூபணம். [எது நடந்தாலும் ஒரே விடை வரும் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் குப்பையில் போடுவார்கள்.]

முடிவு இ: யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். "விளையாட்டு ஒண்ணும் பண்ணலைங்க. இவர் வரும்போதே இப்படித்தான் வந்தாரு."

உதவியாளர் அரக்கை உருக்கத் தீப்பெட்டி தேடுகிறார். "அடுத்து யாரு?" என்கிறார் கவுன்சிலர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். இரண்டாவது கண்ட்ரோலர் மின்னலிடமிருந்து அக்காவுக்கும், அக்காவிடமிருந்து எனக்கும் வந்துவிட்டது. வியர்வையில் வழுக்குகிறது.

இந்தாருங்கள், பிடியுங்கள், கூடவே அந்த வாக்கியத்தையும். உங்களை அவருக்குத் தெரியாது.