ஓவனில் வெந்த போர்டு

தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் போர்டு எரிந்துபோனதிலிருந்து, எங்கள் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சங்கச் செயலாளர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். "மெக்கானிக் எதுக்கு? நானும் மாப்ளையும் புதுப் போர்டே செஞ்சிடுவோம். சாயங்காலம் தண்ணி வரும். வரலைன்னா இந்தப் பதவியே எனக்கு வேண்டாம்" என்று படிக்கட்டில் நின்று முழங்கிவிட்டார். பதவி போனால் மனிதர் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிடுவார்.

இருவரும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் போர்டு செய்து ஓய்வு பெற்றவர்கள். அவர் ஓவன் பிரிவு: பசைபோன்ற ஈயத்தைத் தடவி, கடுகளவு பாகங்களை அதன்மேல் உட்காரவைத்து, மொத்தமாகச் சூட்டுக்குள் அனுப்புவார். நான் கை வேலை: சூடு தாங்காத பிளாஸ்டிக் பாகங்களைக் கடைசியில் சால்டரிங் அயர்னால் பற்றவைப்பேன். அவர் போர்டு என் மேசைக்கு வருவதற்குள் எனக்குத் தாடி முளைத்து, நரைத்து, உதிர்ந்தே விடும்.

அதனால் இந்த முறை அவர் மூக்குக்கண்ணாடி தேடப் போன நேரத்தில், புதுப் போர்டில் மோட்டாரை அணைக்கும் ரிலே என்ற பிளாஸ்டிக் பாகத்தை நானே முதலில் பற்றவைத்துவிட்டேன். ஒவ்வொரு புள்ளியும் நிலாவே பொறாமைப்படும் பளபளப்பு.

"என்ன மாப்ளே இது? ஓவனுக்கு அப்புறம்தானே ரிலே? கழட்டுங்க."

"கழட்டுறதுக்கா வச்சேன்? உங்க பொடிசுங்களையும் கையாலயே வச்சிடலாம்."

"என் பொடிசுங்க மேல உங்க அயர்ன் படக்கூடாது. ரிலேக்கு ஃபாயில் சுத்திட்டா சூடு அண்டாது."

சமையலறை ஓவன் முன் என் மனைவி கைகட்டி நின்றாள். "ஈயத்தை உள்ள வச்சா, அப்புறம் இதுல நான் எதையும் சமைக்க முடியாது. தெரியுதாண்ணா?"

"புதுசு வாங்கித் தர்றேன்மா."

"இஸ்திரிப் பெட்டியைப் பாழாக்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க."

சற்று நேரத்தில் கிளம்பிய நாற்றத்தில் பக்கத்துத் தெருப் பூனைகள்கூட ஊரைக் காலி செய்தன. ஃபாயிலைப் பிரித்தோம். ரிலே கல்யாண வீட்டில் தூங்கும் பெரியப்பா மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து உருகியிருந்தது.

"உங்களால!" என்றேன்.

"உங்க அவசரத்தால" என்றார்.

வாசலில் வாளிகள் முட்டிக்கொள்ளும் சத்தம். மச்சானின் முகம் வெளிறியது.

"மோட்டாருக்குக் கையால போடுற சுவிட்ச் இருக்குமே?" என்றாள் என் மனைவி.

"இருக்கும்மா. ஆனா தொட்டி வழியாம ஒருத்தர் மேலயே நின்னு பாக்கணுமே."

அவள் அண்ணனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இருட்டுவதற்குள் எல்லா வீட்டிலும் குழாய் கொட்டியது. மச்சான் மொட்டை மாடித் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். நான் கீழே சுவிட்சில் கை வைத்தபடி நின்றேன். நிரம்பிய வாளியோடு போன கீழ்வீட்டு அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"பரவாயில்லையே செயலாளரே, சொன்ன மாதிரி தண்ணி விட்டுட்டீங்க. காலையில கொஞ்சம் சீக்கிரமா மாடிக்கு வந்துடுங்க, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும்."

மச்சான் தலையைத் தொட்டிக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டுக்கொண்டார்.